கெடியாரத்து உச்சியில் ஒரு பூச்சிக்காளை

முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும் குதிரையைக் கொங்குப் பக்கத்தில் இரண்டு இடங்களில் பார்க்கலாம். ஒன்று, ஊர் எல்லையில் கருப்பராயன் கோயில். இன்னொன்று, பழைய வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், காலமான பெரியவர்களின் போட்டோக்களுக்கு நடுவே மாட்டியிருக்கும் ஜெர்மன் கெடியாரம். கோயில் குதிரை சுட்ட மண். கெடியாரக் குதிரை மரம், இல்லாவிட்டால் துத்தநாக வார்ப்பு. கல்யாண வீடோ எழவு வீடோ, உள்ளே நுழைந்ததும் என் கண் சுவரின் மேல்பாகத்துக்குத்தான் போகும். குதிரை இருக்கிறதா, கழுகா, வெறும் கொண்டையா, ஒன்றுமே இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் துக்கம் விசாரிப்பேன். "இவனுக்கு மனுசங்க மொகம் தெரியாது, கெடியாரத்து மொகந்தான் தெரியும்" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். சரி, இருக்கட்டும்.

இப்போது பழைய கெடியாரம் விற்பவர்கள் எல்லோரும் அர்த்தமும் சேர்த்தே விற்கிறார்கள். குதிரை என்றால் வெற்றி, கழுகு என்றால் அதிகாரம், சிங்கமுகம் என்றால் காவல், திராட்சைக்கொடி என்றால் செழிப்பு. ராசிக்கல் விற்கிற மாதிரி ஒரு பட்டியல். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் எனக்குச் சண்டை. அந்தக் குதிரையைச் செய்தவனுக்கு அது என்னவாக இருந்தது, அதை வாங்கி மாட்டிய நம் ஆட்களுக்கு என்னவாக ஆனது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் சுவையாகிறது.

கெடியாரம் இங்கே வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1862-இல் சென்னையிலிருந்து ரயில் பாதை ஈரோடு வழியாகப் போத்தனூருக்கு வந்தது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் மளமளவென்று முளைத்தன. பருத்தி விற்ற காசு கையில் இருந்தவர்கள் தொட்டிக்கட்டு வீடு கட்டினார்கள், பெல்ஜியம் கண்ணாடி வாங்கினார்கள், கூடவே ஒரு கெடியாரமும் வாங்கினார்கள். ஆனால் மணி பார்க்க அது யாருக்கு வேண்டியிருந்தது? மில்லுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சங்கு ஊதினால் ஷிப்ட் தெரிந்துவிடும். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு வெடியால வெள்ளி முளைப்பதும், நிழல் காலடிக்கு வருவதும், பொழுதோட மாடு திரும்புவதும் போதும். ஏற்றம் இறைக்கிறவன் முள்ளைப் பார்த்து இறைக்கவில்லை. ஆக, ஆசாரத்துக் கெடியாரம் பெரும்பாலும் அலங்காரப் பொருள்தான். அதன் மேல் இருந்த அலங்காரம் அலங்காரத்துக்கு அலங்காரம். வாரத்துக்கொரு முறை வீட்டுப் பெரியவர் ஸ்டூல் போட்டு ஏறிச் சாவி கொடுப்பார். குழந்தைகள் தொடக்கூடாது. அந்த மரியாதை நேரத்துக்குக் கிடைத்ததில்லை, பெட்டிக்குக் கிடைத்தது.

அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. ஜெர்மனியின் கருங்காட்டுப் (Black Forest) பகுதியில் ஷ்ராம்பெர்க் என்ற ஊரில் 1861-இல் எர்ஹார்ட் யுங்ஹான்ஸ் தொடங்கிய நிறுவனம். இன்று போலந்துக்குள் இருக்கும் சைலீசியாவில் குஸ்தாவ் பெக்கர் தொடங்கிய நிறுவனம். நம் ஆட்கள் வாயில் முதலாவது ஜங்கன்ஸ். 1903 வாக்கில் உலகிலேயே மிகப் பெரிய கடிகாரத் தொழிற்சாலை அதுதான், மூவாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஆன்சோனியா வந்தது. ஜப்பானிலிருந்து, 1892-இல் கின்தாரோ ஹத்தோரி தொடங்கிய சேய்கோஷா பின்னால் வந்து சேர்ந்தது. ஜப்பான்காரர்கள் ஜெர்மன், அமெரிக்கப் பெட்டிகளின் சாயலிலேயே செய்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

1871-இல் பிஸ்மார்க் சிதறிக் கிடந்த ஜெர்மன் நாடுகளை ஒரே பேரரசாக்கினார். புதிதாக நாடு கிடைத்தவர்களுக்குப் பழம்பெருமை வேண்டுமே. தட்டுமுட்டுச் சாமான்களில்கூட மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய பாணி திரும்பி வந்தது. 'பழைய ஜெர்மன்' என்றே அதற்குப் பெயர். கடைந்த தூண்கள், பிதுங்கிய விளிம்புகள், முகமூடி போல ஒரு மனித முகம், இருபுறமும் கொண்டைகள், உச்சியில் பேரரசின் கழுகு. ஆனால் இதெல்லாம் ஒரு சிற்பி உட்கார்ந்து யோசித்துச் செதுக்கியதில்லை. கடைசல் இயந்திரத்தில் தூண்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. மலிவு மரத்தின் மேல் வால்நட் மரத்தோலை ஒட்டினார்கள். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், ஓக் பலகையை நீராவியில் வதக்கி உலோக அச்சுக்குக் கீழே வைத்து அழுத்தி இலையும் பூவும் எடுத்தார்கள். அர்த்தம் பழையது, அதை அச்சடித்த கை புதியது. அந்தத் தொழிலாளியிடம் போய் "இந்த முகம் யாருங்க?" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.

உதாரணத்துக்கு அந்தக் கொண்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் இரு ஓரத்திலும் மூடி போட்ட குடம் மாதிரி நிற்குமே, அது ஐரோப்பாவில் சாம்பல் கலயம். கிரேக்கரும் ரோமரும் எரித்த உடலின் சாம்பலை எடுத்து வைத்த பாத்திரம். எரிமலையில் புதைந்த பொம்பெய் நகரை 1748-இல் தோண்டத் தொடங்கிய பிறகு, பழைய ரோமாபுரி மேல் ஐரோப்பாவுக்கு ஒரு மோகம் வந்தது. அந்த மோகத்தில் சாம்பல் கலயம் மேசை, அலமாரி, வாசல் தூண், கல்லறை, கடிகாரம் என்று எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடிகாரத்தின் மேல் அதற்கு ஒரு பொருத்தமும் இருந்தது: நேரம் போகிறது, நீயும் போவாய். இங்கே அதே குடம் வந்து இறங்கியதும் கோபுரக் கலசம் ஆகிவிட்டது. கலசத்துக்குள் இருப்பது வரகும் மற்றத் தானியமும். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் புதிதாக மாற்றுவார்கள். சாவுப் பாத்திரம் விதைப் பாத்திரமானது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனால் ஒரு கொண்டை உடைந்தால் நம் ஊர் ஆசாரி கடைந்து கொடுத்த மாற்றுக் கொண்டையைப் பாருங்கள், கழுத்து இறுகி, வயிறு உருண்டு, முனை கூம்பியிருக்கும். அவர் கை கலசத்தைத்தான் கடைந்திருக்கிறது.

குதிரைக்கு வருவோம். குதிரை மேல் உட்கார்ந்த அரசனை வெண்கலத்தில் வார்ப்பது ரோமிலேயே உண்டு. மார்க்கஸ் அவுரேலியஸ் சிலை இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தக் குதிரை ஒரு காலை மட்டுமே தூக்கும். முன்னங்கால் இரண்டையும் தூக்கினால் மொத்தக் கனமும் பின்னங்காலில் இறங்கும், சிலை கவிழும். அந்தச் சிக்கலை 1640-இல் முடித்த ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப் சிலையில் பியெத்ரோ தாக்கா தீர்த்தார். எடையைப் பகிர்வதற்குக் கலிலியோ யோசனை சொன்னதாகச் சொல்கிறார்கள். வாலும் தரையைத் தொட்டுத் தாங்கிக்கொள்ளும். நூறு வருஷம் கழித்து, 1745-இல், கியோம் கூஸ்து பிரெஞ்சு அரசருக்காக மார்லி குதிரைகளைச் செய்து முடித்தார். துள்ளும் குதிரை, அதை அடக்கப் பார்க்கும் ஓர் ஆள். 19ஆம் நூற்றாண்டில் அதன் குட்டி நகல்கள் வெண்கலத்திலும் துத்தநாகத்திலும் மலிந்தன, மேசைகளிலும் கடிகாரங்களின் தலையிலும் ஏறின. அரசனோடு நின்ற குதிரை, பிறகு ஒரு குதிரைக்காரனோடு நின்றது. ஜெர்மன் சுவர்க்கடிகாரத்துக்கு வரும்போது யாருமே இல்லாமல் தனியாக நிற்கிறது.

சவாரிக்காரன் இல்லாத அந்தக் குதிரை அங்கே வெறும் அழகுப்பொருள். இங்கே? நம் எல்லைக் கோயிலில் நிற்கும் குதிரையின் முதுகிலும் பகலில் யாரும் இருப்பதில்லை. ராத்திரியானால் சாமி ஏறி ஊரைச் சுற்றி வரும் என்பது நம்பிக்கை. முதுகு காலியாக இருப்பதற்கு நமக்கு ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது. உருவாரம் செய்து வைக்கிற ஊர் இது. உடுமலைப்பேட்டைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு மாட்டுப் பொங்கலன்று போனால் மண்ணில் செய்த மாடும் கன்றும் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். பொருளைப் பார்த்து அதற்குள் ஒரு சேதி படிப்பதற்கும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவன்மலையில் யாரோ ஒரு பக்தர் கனவில் ஆண்டவன் சொன்ன பொருளை, பூப்போட்டுக் கேட்டுவிட்டு, உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்த பொருள் வரும்வரை அது என்ன சொல்ல வருகிறது என்று மாவட்டமே பேசிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் கால் தூக்கிய குதிரையை ஆசாரத்தில் கொண்டுவந்து மாட்டினால் சும்மா விடுவார்களா? எங்கள் பெரியம்மா ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது கண்ணாடிக் கதவில் ஒரு பொட்டு, குதிரை நெற்றியில் ஒரு பொட்டு வைப்பார். தையல் மிஷினுக்கு ஒரு பொட்டோடு சரி.

கழுகு சிரமமே இல்லாமல் கருடன் ஆகிவிட்டது. காரமடை ரங்கநாதரைக் கும்பிடுகிற வீடுகளில் அதைப் பற்றி விளக்கம் கேட்டாலே கோபித்துக்கொள்வார்கள். ஆஸ்திரிய அரசின் இருதலைக் கழுகு போட்ட கெடியாரம் எதையும் நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. பார்த்தால் சந்தோஷப்படுவேன். 1799 வரை மைசூருக்குக் கீழே இருந்த சீமை இது, மைசூர் அரசின் சின்னமான இருதலைக் கண்டபேருண்டப் பறவை இங்கே அந்நியமில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, தன் கண்ணால் அர்த்தம் படித்துச் சொன்ன ஒரு கிழவர் உருவம். பெரியம்மா வீட்டில் ஆள் உயரக் கெடியாரம் ஒன்று இருந்தது. ஊட்டிப் பக்கம் தோட்டத்து பங்களா ஒன்றை வெள்ளைக்காரர்கள் காலி செய்தபோது சாமான்களோடு சாமானாகக் கீழே இறங்கியது. டயலுக்கு மேலே வளைவான தகடு. அதில் தாடி வைத்த, சிறகு முளைத்த ஒரு கிழவர். கையில் நீளமான அரிவாள், பக்கத்தில் மணல் கடிகாரம், அதற்கும் இரண்டு சிறகுகள். கீழே நேரம் பறக்கிறது என்று லத்தீனில் இரண்டு சொற்கள்.

ஐரோப்பியர்கள் காலத்துக்குக் கொடுத்த உருவம் அது. அதன் வம்சாவளி விசித்திரமானது. கிரேக்கப் புராணத்தில் குரோனஸ் என்றொரு தெய்வம், கையில் அரிவாள், சொந்தப் பிள்ளைகளையே விழுங்கியவர். காலத்தைக் குறிக்கும் குரோனோஸ் வேறு. பெயர் ஒலி ஒத்துப்போனதால் இரண்டையும் பழங்காலத்திலேயே குழப்பிக்கொண்டார்கள். ரோமர்கள் குரோனஸைத் தங்கள் சாட்டர்னோடு சேர்த்தார்கள். சாட்டர்ன் என்றால் சனி. ஆக அந்த வளைவுத் தகட்டில் அரிவாளோடு நிற்கும் கிழவர், சுற்றி வளைத்துப் பார்த்தால், சனீஸ்வரன்! பழைய ஐரோப்பிய ஓவியங்களில் அவர் கட்டை ஊன்றி நொண்டுவார். நம் சனியும் நொண்டிதான், மந்தன்தான். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே வானத்தைப் பார்த்துத்தானே கதை கட்டினார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியும் கிரகங்களில் மெதுவாக நகர்வது சனி, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29½ வருஷம். ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம், மூன்று ராசிக்கு ஏழரை. மெதுவாகப் போகிறவன் கிழவனாகவும் நொண்டியாகவும்தானே இருக்க வேண்டும்.

இந்தக் கதை தெரிந்திருந்தால் அமுச்சி அந்தக் கெடியாரத்தை வீட்டுக்குள் விட்டிருக்கவே மாட்டார். எள்ளு விளக்குப் போட்டு வெளியே அனுப்பியிருப்பார். நல்லவேளை, தெரியவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது "அது யாருங் அமுச்சி?" என்று கேட்டதற்குக் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அறுப்புக்கு வந்த பண்டாரம் சாமி. கையில அருவா இருக்குது பாரு. அறுப்பு முடிஞ்சா உடுக்கடிச்சுப் பாட்டுப் படிப்பான், உடுக்கையும் கொண்டாந்திருக்கறான்."

மணல் கடிகாரம் உடுக்கையாகிவிட்டது. இடுப்பு ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிந்த பொருள், உடுக்கையைத் தவிர வேறென்ன? அண்ணன்மார் கதையை ராத்திரி ராத்திரியாக உடுக்கடித்துப் பாடிக் கேட்ட தலைமுறை அது. களத்தில் நெல்லோ சோளமோ குவிந்த பிறகுதான் பாட்டுக்காரர்கள் வருவார்கள். விவசாய வீட்டில் அரிவாள் என்றால் விளைச்சல். மனிதத் தலைகளைக் கதிர்களாக நினைத்து அறுக்க வருகிற கிழவரை அங்கே செதுக்கினார்கள்; அவரே இங்கே வந்து நிஜக் கதிர் அறுத்துவிட்டுக் கூலி நெல் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அங்கேயும் தொடக்கத்தில் சாட்டர்ன் விளைச்சல் தெய்வம்தான் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அரிவாளின் முதல் வேலையை அமுச்சி படிப்பில்லாமலே சொல்லிவிட்டார்.

அதே ஜாதிக் கெடியாரம் ஒன்று பொள்ளாச்சியில் இன்னொரு உறவினர் வீட்டில் இருக்கிறது. அங்கே கிழவர் இடத்தில் நிலா. வளைவுக்குப் பின்னால் ஒரு வட்டத் தகடு, அதில் சிரிக்கும் நிலா முகங்கள் இரண்டு, விளிம்பில் 118 பற்கள். அரை நாளைக்கு ஒரு பல் நகரும். 59 பல் என்றால் 29½ நாள், ஒரு நிலா மறைந்து அடுத்தது வரும். தெருவிளக்கு இல்லாத இங்கிலாந்தில் ராத்திரி விருந்துக்குப் போக நிலா வெளிச்சம் வேண்டும். பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட் போன்றவர்கள் சேர்ந்த ஒரு சங்கம் பௌர்ணமியை ஒட்டித்தான் கூடியது, சங்கத்துக்கே நிலாவின் பெயர். பொள்ளாச்சி வீட்டில் நிலா முழுசாகத் தெரிவதை யாரும் கவனிப்பதில்லை. அது முழுசாக மறைவதைத்தான் பார்ப்பார்கள். அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும். தகடு பல வருஷமாகச் சிக்கி நிற்கிறது, இப்போது காலண்டர்தான்.

பிரெஞ்சுக் கடிகாரங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தெரிந்தவர்கள் திட்டுவார்கள். 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆந்திரே-ஷார்ல் பூல் செய்த மேசைக் கடிகாரங்களில் ஒன்று பிரசித்தம்: காலக் கிழவர் கீழே சாய்ந்து கிடப்பார், மேலே காதல் தெய்வமான சிறுவன் நிற்பான். காதல் காலத்தை வென்றதாம். வேலைப்பாடு அபாரம், எனக்குக் கொஞ்சம் நாடகத்தனமாகப் படுகிறது. அந்தப் பொன் மினுமினுப்பு வந்த விதம்தான் எனக்கு உறுத்துகிறது. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து வெண்கலத்தின் மேல் பூசி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஆவி போவது பக்கத்தில் நிற்கிறவனின் நெஞ்சுக்குள். கை நடுங்கி, பல் ஆடி, அற்பாயுசில் போனார்கள் அந்தப் பூச்சு வேலைக்காரர்கள். காதல் காலத்தை வென்ற காட்சிக்குப் பொன் பூசியவன் கதை இது. கொங்கு வீடுகளில் இந்த வகை மிகக் குறைவு, அதனால் இதோடு விடுகிறேன்.

இரண்டு சில்லறைச் சந்தேகங்களையும் தீர்த்துவிடலாம். ரோமன் எண் டயலில் நாலுக்கு ஏன் நாலு கோடு, IV என்று ஏன் இல்லை என்று கேட்பார்கள். இதற்கு ராஜா கோபித்துக்கொண்ட கதையெல்லாம் உண்டு, நம்ப வேண்டாம். நாலு கோடு போட்டால் எதிரே இருக்கும் எட்டின் கனத்துக்குச் சமமாகக் கண்ணுக்குத் தெரியும். முதல் நாலு எண்ணில் கோடு மட்டும், அடுத்த நாலில் V, கடைசி நாலில் X என்று மூன்று பாகமாகப் பிரியும். லண்டன் பிக் பென்னில் IV தான் இருக்கிறது, ஒரு ராஜாவும் கோபிக்கவில்லை. அடுத்தது, பெண்டுலத்தில் பெரிதாக R, A என்று இரண்டு எழுத்து. கோயம்புத்தூர் உக்கடம் பழைய சாமான் கடைகளில் அதை ஆர்.ஏ. கம்பெனி கெடியாரம் என்றே விற்பார்கள். அது கம்பெனி இல்லை. மெதுவாக்கு, வேகமாக்கு என்பதற்கான பிரெஞ்சுச் சொற்களின் (Retard, Avance) முதல் எழுத்துகள். கீழே இருக்கும் திருகைத் திருகிக் குண்டை இறக்கினால் மெதுவாகும், ஏற்றினால் வேகமாகும். சித்திரை வெயிலில் இரும்புத் தண்டு நீண்டு கெடியாரம் பின்தங்கும், அப்போது கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும்.

தொழிற்சாலைக்காரன் நிஜமாகவே மனசார வைத்த சின்னம் எது என்று கேட்டால், கதவைத் திறந்து இயந்திரத்தைக் கழற்றிப் பின்தகட்டைப் பார்க்கச் சொல்வேன். யுங்ஹான்ஸ் என்றால் எட்டு முனை நட்சத்திரம், 1890 முதல். குஸ்தாவ் பெக்கர் என்றால் நங்கூரமும் கிரீடமும். ஹாம்பர்க் அமெரிக்கன் என்ற இன்னொரு ஜெர்மன் கம்பெனி என்றால் குறுக்கே போட்ட இரண்டு அம்புகள். நகத்தளவு முத்திரை. வீட்டில் யாரும் பார்க்க முடியாத இடம், கழற்றுகிற மெக்கானிக் மட்டும்தான் பார்ப்பார். உச்சியில் இருக்கும் குதிரையை எந்தத் தொழிற்சாலையும் மாட்டலாம், அம்புகளை ஹாம்பர்க்காரன் மட்டும்தான் அடிக்கலாம். போலி வாங்கி ஏமாறாமல் இருக்க வேண்டுமானால் குதிரையைப் பார்க்காதீர்கள், பின்தகட்டைப் பாருங்கள் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். கேட்கிறவர்கள் குதிரையைத்தான் பார்க்கிறார்கள்.

அதனால் என்ன ஆகிறது என்றால், குதிரைக்கு ஒரு சந்தை உருவாகிவிட்டது. உச்சி அலங்காரம் பெரும்பாலும் பெட்டியோடு நிரந்தரமாகச் சேர்ந்ததில்லை, முளை வைத்துச் செருகியிருக்கும். கப்பலில் அனுப்பும்போது கழற்றிக் கட்ட வசதி. வெள்ளையடிக்கும்போது கழற்றி அட்டாலியில் போடுவார்கள், அங்கேயே கிடக்கும். பழைய வச்சிரப்பசை மழைக்காலத்தில் இளகி, வெயிலில் வறண்டு விட்டுவிடும். கரையான் வேறு. இப்படித் தலை போன கெடியாரங்களுக்கெல்லாம் இப்போது ஃபைபரில் ஒரே அச்சில் குதிரை வார்த்துப் பொருத்திவிடுகிறார்கள். எந்தக் கெடியாரத்துக்கும் அதே குதிரை, அதே பளபள டூக்கோ பூச்சு. கழுகு இருந்த இடத்திலும் குதிரை, ஒன்றுமே இல்லாதிருந்த இடத்திலும் குதிரை.

காங்கயம் பக்கம் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக் கெடியாரத்தில் குதிரை இல்லை. எப்போது தொலைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஊர் ஆசாரி ஒருவர், வண்டியும் கலப்பையும் செய்கிறவர், அப்புச்சி கேட்டுக்கொண்டதால் பூவரசங்கட்டையில் ஒன்று செதுக்கி வைத்தார். குதிரை மாதிரி வேண்டும் என்றுதான் அப்புச்சி சொன்னாராம். அவர் செதுக்கியது காளை. சும்மா ஒரு மாடு இல்லை. கொம்பு வெளியே விரிந்து பின்னால் வளைந்து நுனியில் வட்டமாகக் கூடப் பார்க்கும். திமில் எழும்பி நிற்கும். திமிலிலும் முன்தொடையிலும் பின்தொடையிலும் மட்டும் விளக்குப் புகையைத் தேய்த்துக் கறுப்பாக்கியிருக்கிறார். சாம்பல் நிற மயிலை உடம்பில் அந்த மூன்று இடமும் கறுத்திருந்தால் அது வளர்ந்த காங்கயம் பூச்சிக்காளை, அதாவது பொலிகாளை, என்று அந்தப் பக்கத்துப் பையன்கள்கூடச் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் ஒரு சிக்கல். ஒற்றை ஆணியில் தொங்கும் பெட்டி கொஞ்சம் சாய்ந்தாலும் ஓசை நொண்டும், பெண்டுலம் நின்றுவிடும். காளைக்குத் தலைப் பக்கம் கனம். மாட்டியதும் பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்து கெடியாரம் நின்றுபோனது. ஆசாரி தலையைச் சீவி இளைக்க வைக்கவில்லை. வால் பக்கம் பலகைக்குப் பின்னால், முன்னாலிருந்து தெரியாதபடி, ஒரு பழைய மாட்டு லாடத்தை அடித்துச் சமன் செய்தார். ஸ்டூல் போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தால் இன்றும் தெரியும். பின்தகட்டில் ஜெர்மன்காரன் நட்சத்திரம், பலகைக்குப் பின்னால் காங்கயத்து லாடம்.

அந்தக் காளைக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டால், கலப்பை செய்கிற ஆசாரிக்குக் குதிரையின் கால் எலும்பு தெரியாது, காளையின் திமில் தெரியும் என்பேன். சின்னம் என்றால் எப்போதும் ஆழமாக ஏதாவது இருக்க வேண்டுமா? கடைசல் இயந்திரக்காரனுக்குத் தூண் எப்படியோ அப்படி. ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். தூணைக் கடைந்தவன் அதை மாட்டப்போகும் வீட்டைப் பார்த்ததில்லை. ஆசாரி அந்த வீட்டுக் கட்டுத்தறியைத் தினமும் பார்த்தவர். இந்த நாட்டில் இருக்கும் ஜெர்மன் கெடியாரங்களில் எது அசல் என்று பட்டியல் போட்டால், காளை வைத்ததை நான் ஃபைபர் குதிரைக்கு மேலே வைப்பேன். ஜெர்மனியிலிருந்து வந்த குதிரைக்குப் பக்கத்தில் வைத்தாலும் குறைவில்லை.

விலைபேச வந்த வியாபாரி அப்படி நினைக்கவில்லை. வீட்டைப் பிரித்துக் கட்டப்போகிறார்கள், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர் கதவைத் திறந்து நட்சத்திரத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார், மேலே பார்த்து முகம் சுருங்கினார். "மேல டூப்ளிகேட்டுங்க. இத எடுத்துட்டு நம்ம குதிரை ஒண்ணு வெச்சா நல்லா போகும். நீங்களே வெச்சுக்கறதுன்னாலும் சொல்லுங்க, மாத்தித் தர்றேன்." காளைக்காக விலையில் கழித்தும் சொன்னார். மாமா எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, கலசம், கருடன், சாட்டர்ன் என்று இங்கே எழுதியதில் பாதியை அவரிடம் சொல்லித் தீர்த்தேன். மனுஷன் மரியாதையாகத் தலையாட்டினார்.

"கெடியாரம் குடுக்கறதா இல்லீங்க" என்றார் மாமா, நான் மூச்சு வாங்குவதற்குள். பிறகு வியாபாரி கூட வந்திருந்த ரிப்பேர்காரப் பையனைக் கூப்பிட்டு ஸ்டூலைக் காட்டினார்.

"தம்பி, இடதுகொம்பு நுனி போன வருசம் ஒடஞ்சு போச்சு. துண்டு பொட்டிக்குள்ளயே கெடக்குது. அத மட்டும் ஒட்டிக் குடுத்துட்டுப் போங்க, என்ன ஆகும்?"